மெலிந்த பின் தசை வளர்ப்பதற்கு எவ்வளவு உண்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

சில மாதங்களாகச் சோற்றையும் தேங்காய்ப்பாலையும் அளந்து உண்டு எடையைக் குறைத்த ஒருவர், இனித் தசை வளர்க்கலாம் என்று தீர்மானித்ததும், சாப்பாட்டை எவ்வளவால் கூட்டுவது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். ஜிம்மில் கூடப் பயிற்சி செய்பவர் கிடைப்பதையெல்லாம் சாப்பிடச் சொல்வார். யூடியூப் காணொளி ஒன்று, வாரத்துக்கு 50 அல்லது 100 கலோரி வீதம் படிப்படியாக ஏற்றச் சொல்லும். இன்னொருவர், கூட்டவே வேண்டாம், எடை அசையாத அளவில் நின்று பயிற்சி செய்தாலே தசை வரும் என்பார். வீட்டில் அம்மாவோ "வாடிப்போனாய் ராசா, வடிவாய்ச் சாப்பிடு" என்று, கேட்காமலே இன்னோர் அகப்பை சோறு போட்டுவிடுவார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்கு ஏற்றது, எடை குறைப்பதற்காகச் செலவைவிடக் குறைவாக உண்டுவந்த பற்றாக்குறையை ஒரேயடியாக நீக்கி, எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்கு (இதனைச் சமநிலை அளவு என்று அழைப்போம்) உடனே வந்து, அங்கே இரண்டு முதல் நான்கு வாரம் நிலைத்த பின், நாளொன்றுக்கு 200 முதல் 300 கலோரி மட்டும் மிகையாகச் சேர்ப்பது. மற்ற மூன்று வழிகளும் முற்றிலும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உரியவர் அல்லாதவர்கள் அவற்றைப் பின்பற்றும்போது மாதக்கணக்கான உழைப்பு வீணாகிறது என்பதால் இந்த ஒப்பீட்டைச் சற்று விரிவாகவே செய்ய வேண்டியிருக்கிறது.

உணவைக் குறைத்து எடை இறக்கிய உடல், தொடங்கும்போது இருந்த அதே உடல் அல்ல. எடை குறைந்ததாலேயே அது செலவிடும் ஆற்றல் குறைந்திருக்கும். அதற்கு மேலும், நடமாட்டமும் கை கால் அசைவும் அறியாமலே மந்தமாகியிருக்கும். கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்ரின் என்ற ஹோர்மோன் தாழ்ந்து, பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்திருக்கும். ஆகவே இந்தக் கட்டத்தில் ஒருவர் உணரும் பசி, தசைக்கு வேண்டிய அளவைக் காட்டும் நம்பகமான அளவுகோல் அல்ல. 1944 முதல் 1945 வரை அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 தொண்டர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து, பின்னர் மீண்டும் உணவூட்டி ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்திருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் எவ்வளவு உண்டும் பசி தீராமல் தவித்தார்கள்; இழந்த தசை முழுதாய்த் திரும்புவதற்கு முன்னரே உடற்கொழுப்பு பழைய அளவைத் தாண்டிச் சென்றது. நம்மில் எவரும் அந்த அளவுக்கு மெலிவதில்லை என்றாலும், பசி போகும் திசை அதுவேதான்.

இந்தப் பின்னணியில், வரையறை இல்லாமல் உண்ணும் முதல் வழியைப் பார்ப்போம். இதற்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதம், தசை வளர ஆற்றல் வேண்டும், ஆகவே அதிக ஆற்றல் கொடுத்தால் அதிக தசை வரும் என்பதாகும். வாதத்தின் முற்பாதி உண்மை; பிற்பாதி உண்மையன்று. தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். ஐந்தில் ஒரு பங்கு அளவே புரதம். ஒரு கிலோ தசைக்குள் அடங்கும் ஆற்றல், ஒரு கிலோ உடற்கொழுப்புக்குள் அடங்கும் 7,700 கலோரியோடு ஒப்பிட மிகச் சிறியது. தசை கட்டும் வேகத்தைத் தீர்மானிப்பவை பயிற்சியின் தூண்டுதல், உறக்கம், புரதம், ஒருவருடைய பரம்பரை அமைப்பு ஆகியவையே. அந்த வேகத்துக்குத் தேவையான ஆற்றல் கிடைத்த பிறகு மேலே கொட்டுவதெல்லாம் கொழுப்பாகவே சேரும். 2013இல் நோர்வேயின் உயர்நிலை விளையாட்டு வீரர்களிடையே வெளிவந்த ஆய்வொன்றில், ஆலோசனையின்படி மிகையாக உண்ட குழுவினருக்கும் விருப்பப்படி உண்ட குழுவினருக்கும் இடையே தசை வளர்ச்சியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை; கொழுப்போ மிகையாக உண்டவர்களுக்குத்தான் பல மடங்கு அதிகம் கூடியது.

யாழ்ப்பாணத்தவர்களாகிய நமக்கு இந்த வழியில் இன்னொரு கேடும் இருக்கிறது. தெற்காசியருக்கு ஒரே உயர எடை விகிதத்தில் ஐரோப்பியரைவிடக் கொழுப்பு கூடுதல். அது பெரும்பாலும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. இதனாலேயே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (கிலோவிலுள்ள எடையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) 23 முதலே கவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பளவின் எல்லையாக நமக்குக் கொள்ளப்படுகின்றன. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நீரிழிவு உள்ள வீடுகள் நமது ஊரில் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டு இளைஞர் ஒருவர், தசைக்காக என்று சொல்லி இரவில் கொத்துரொட்டியும் பகலில் ரோல்ஸும் சீனி நிறைந்த எடை கூட்டும் பவுடரும் சாப்பிட்டு, குறைத்த வயிற்றை ஆறு மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. பிறகு குறைக்கலாம் என்ற ஆறுதலும் வெறும் பேச்சுத்தான், ஏனெனில் அந்தக் குறைக்கும் காலத்தில் தசை வளர்ச்சி மீண்டும் தேங்கும்.

இரண்டாவது வழி இதற்கு நேரெதிரானது. வாரத்துக்கு 50 முதல் 100 கலோரி மட்டும் கூட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறுவது. கொழுப்புச் சேரும் என்ற அச்சம் உள்ளவருக்கு இது பாதுகாப்பாகத் தோன்றும். ஒரேயடியாகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் நிறுத்தத் தெரியாமல் உண்டுவிடுவோம் என்று தம்மை அறிந்தவருக்கு இதன் ஒழுங்கு உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சமநிலை அளவிலிருந்து 450 கலோரி கீழே நிற்கும் ஒருவர் வாரத்துக்கு 50 கலோரியாக ஏறினால் அங்கே வந்து சேர 9 வாரங்கள் ஆகும். அந்த 9 வாரமும் அவர் இன்னும் பற்றாக்குறையில்தான் இருக்கிறார். பசியும் களைப்பும் நீங்குவதில்லை, பாரம் தூக்கும் வலுவும் ஏறுவதில்லை. இப்படி மெதுவாக ஏற்றினால் உடலின் எரிப்பு தனியாக உயர்ந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு உறுதியான சான்று கிடையாது. உணவு கூடும்போது எரிப்பு கூடுவது உண்மை. அது வேகமாகக் கூட்டினாலும் நடக்கும்.

மூன்றாவது, சமநிலை அளவிலேயே நின்று பயிற்சி செய்வது. முன்னர் பாரப் பயிற்சியே செய்யாமல், உணவைக் குறைத்தும் நடந்தும் மட்டும் எடை இறக்கியவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பண்ணைக் கடற்கரை வீதியில் காலையில் நடந்து பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு, வயிற்றில் இன்னும் கொஞ்சம் சதை மீதி இருக்க இப்போதுதான் முதன்முதலாக ஜிம்மில் சேருபவர்களை நினைத்துச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்கும் உடல், மிகை உணவு இல்லாமலே சில மாதங்களுக்குத் தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கவல்லது. தராசின் எண் அசையாதிருக்க, சேட்டின் தோள் இறுகி, காற்சட்டையின் இடுப்பு தளரும். ஏற்கெனவே ஓரிரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, நன்றாகவும் மெலிந்துவிட்டவருக்கு மட்டும் இந்த வழி மிக மெதுவானது. அவருக்குச் சிறு மிகை வேண்டும்.

இனி நான் பரிந்துரைக்கும் நான்காவது வழியை எண்களோடு பார்ப்போம். சமநிலை அளவைக் கண்டுபிடிக்க இணையத்தில் சூத்திரங்கள் பல இருந்தாலும், உங்கள் சொந்தப் பதிவே அவற்றைவிட நம்பகமானது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் கடைசி மூன்று நான்கு வாரங்களில் நாளொன்றுக்கு சராசரியாக 1,700 கலோரி உண்டு, வாரத்துக்கு 400 கிராம் வீதம் குறைந்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் கொழுப்பு ஏறத்தாழ 3,080 கலோரி. அதனை ஏழால் வகுத்தால் 440. ஆகவே அவருடைய சமநிலை அளவு 1,700உடன் 440 சேர்த்து 2,140 அளவில் இருக்கும். அவர் மறுநாளே 2,150க்கு வந்துவிடலாம். கூட்டும் உணவின் பெரும்பகுதி சோறு, பிட்டு, கிழங்கு, பழம் போன்ற மாப்பொருளாக, பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ள வேளைகளில் அமைவது நல்லது.

இங்கேதான் பலர் பதறிவிடுகிறார்கள். சமநிலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தராசு ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறிக் காட்டும். அது கொழுப்பன்று. தசையிலும் ஈரலிலும் வற்றிப்போயிருந்த கிளைக்கோஜின் என்ற மாப்பொருள் சேமிப்பு மீண்டும் நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜினோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேருகிறது. குடலிலும் உணவு கூடுதலாகத் தங்குகிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் சமநிலைக்கு மேலே 7,700 கலோரி உண்டிருக்க வேண்டுமே. இரண்டு முதல் நான்கு வாரம் நிலைத்து நில்லுங்கள் என்று நான் சொல்வதன் முதற் காரணம், இந்த ஏற்றம் அடங்கி உண்மையான எண் தெளியட்டும் என்பதே. இன்னொரு காரணம், இந்தக் காலத்தில் பசி தணிந்து, உறக்கம் சீராகி, தூக்கும் பாரமும் ஏறத் தொடங்கும் என்பதாகும்.

அதன் பின்னரே மிகை. பத்து வீத மிகை என்றால் இந்த 70 கிலோக்காரருக்கு 200 கலோரிக்குச் சற்று மேலே வரும். குறிக்கோள், வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 வீதம் வரை ஏறுவது, அதாவது இவருக்கு 175 முதல் 350 கிராம் வரை. பயிற்சியில் அனுபவம் கூடியவர் கீழ் எல்லையோடு நிற்க வேண்டும். இரண்டு மூன்று வாரச் சராசரியைப் பார்த்து, ஏறாவிட்டால் 100 கலோரி கூட்டி, வேகமாக ஏறினால் 100 குறைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதற்கு 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நல்ல சான்று. 16 பேருக்கு எட்டு வாரம் நாளாந்தம் 1,000 கலோரி மிகையாகக் கொடுத்தபோது, ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்பு மட்டும் கூட, இன்னொருவருக்கு 4.23 கிலோ கூடியது. அறியாமலே அசைந்து திரிந்து மிகையை எரித்துவிடும் இயல்பு ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடுகிறது. ஆகவே நண்பருக்கு 500 கலோரி ஒத்துவந்தது என்பது உங்களுக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

எடையைக் காலையில், மலங்கழித்த பின், எதுவும் உண்ணாமல் குடிக்காமல் பார்த்து, வாரத்தின் சராசரியை எடுங்கள். முதல்நாள் இரவு கருவாட்டுக் கறியோ உப்புக் கூடிய ஊறுகாயோ சாப்பிட்டிருந்தால் மறுநாள் எடை ஏறித் தெரியும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டிய மறுநாள் இறங்கித் தெரியும். தனி நாளின் எண்ணை வைத்துச் சாப்பாட்டை மாற்றுவது வீண்.

200, 300 கலோரி என்று எழுதுவது எளிது. நம் வீட்டுச் சமையலில் அதை அளப்பதுதான் சிரமம். இடியப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எத்தனை கலோரி என்று இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு விடை வரும், ஏனெனில் ஒவ்வொரு வீட்டுத் தட்டும் ஒவ்வோர் அளவு. அதற்குப் பதிலாக, குழைக்க எடுக்கும் அரிசிமாவை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் மாவில் ஏறத்தாழ 360 கலோரி. அரைக் கிலோ மாவில் 40 இடியப்பம் பிழிந்தால் ஒன்று 45 கலோரி. அன்றிலிருந்து எண்ணிக்கொண்டால் போதும், அம்மாவின் சமையலை ஒவ்வொரு நாளும் தராசில் வைக்கத் தேவையில்லை. பிட்டில் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனெனில் அங்கே மாவோடு தேங்காய்ப்பூவும் கலந்திருக்கிறது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரிக்கு மேல். இரண்டு பிடி கூடுதலாய்த் தூவினால் அன்றைய மிகையின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். சொதிக்கு முதற்பாலா இரண்டாம் பாலா என்பதும், பொரியலுக்கு எத்தனை மேசைக்கரண்டி எண்ணெய் என்பதும் (ஒன்றில் ஏறத்தாழ 120 கலோரி) அப்படியே. தேங்காயை விலக்கச் சொல்லவில்லை; தேங்காய் இல்லாத யாழ்ப்பாணச் சமையல் என்று ஒன்று கிடையாது. கூட்டுகிற 250 கலோரியைத் தெரிந்து கூட்டுங்கள் என்கிறேன். 50 கிராம் குத்தரிசியில் சமைத்த சோறும் ஒரு முட்டையும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். இரண்டு வாழைப்பழமும் ஒரு சிறு கோப்பைத் தயிரும் சேர்ந்தாலும் வரும். 40 கிராம் கச்சானும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு 40 கிராமில் நிறுத்துவோர் குறைவு என்பதால் கச்சானை வீட்டிலேயே அளந்து எடுத்துவைப்பது நல்லது.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் புரதம் குறைந்தால் பயனில்லை. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் முதல் 2.2 கிராம் வரை போதுமானது. 70 கிலோக்காரருக்கு 112 முதல் 154 கிராம். குருநகரிலும் பாசையூரிலும் காலையில் மீன் இறங்கும் ஊரில் இது எட்டாத இலக்கு அல்ல. துப்புரவாக்கிய 200 கிராம் மீனில் 40 கிராமுக்குக் குறையாது. சூரை மீனென்றால் இன்னும் கூடும். மூன்று முட்டையில் 18, 50 கிராம் பருப்பில் 12, 50 கிராம் கொண்டைக் கடலையில் 10, 200 கிராம் தயிரில் 7, நாள் முழுதும் உண்ணும் 300 கிராம் அரிசியிலும் மாவிலும் 20 கிராம் அளவு. கூட்டிப் பார்த்தால் இலக்கின் வாசலுக்கு வந்துவிடுகிறோம். இரவில் இன்னொரு துண்டு மீனோ கோழியோ சேர்ந்தால் முடிந்தது. பெட்டியில் வரும் புரதப் பவுடர் வசதிக்கு உதவும், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது நல்லூர்த் திருவிழாக் காலத்தில். 25 நாளும் மச்சம் சமைக்காத வீடுகளில் மீனும் முட்டையும் ஒருசேர நின்றுவிட, சோறும் மரக்கறியும் அப்பளமும் வடையும் பாயாசமுமாகச் சாப்பாடு அமைந்து, கலோரி கூடிப் புரதம் பாதியாகிவிடுகிறது. தசை வளர்க்கும் நோக்கில் இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. விரதத்தை விடத் தேவையில்லை. 50 கிராம் உலர்ந்த சோயா மீற்றில் மட்டும் 25 கிராம் புரதம் இருக்கிறது. அவித்த கடலைச் சுண்டல், பாசிப்பயறு, கெட்டிப் பருப்பு, காலையும் இரவும் ஒரு குவளை பால், மதியம் தயிர் என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்தால் 100 கிராமைத் தாண்டலாம். கந்தசட்டியில் ஆறு நாளும் ஒருவேளை உணவோடு இருப்பவர், அந்த வாரத்தில் மிகையை எண்ணாமல் பயிற்சியையும் இலேசாக்கிக்கொண்டு, விரதம் முடிந்த பின் பழைய அளவுக்கு நேரே திரும்பிவிடலாம். ஒரு வாரத்தில் தசை கரைந்துவிடாது.

பெண்களுக்கும் இதே கணக்குத்தான், எண்கள் மட்டும் சிறியவை. 52 கிலோ எடையுள்ளவருக்கு 150 முதல் 200 கலோரி மிகை போதும். ஆனால் உணவைக் குறைத்த காலத்தில் மாதவிடாய் நின்றோ பிந்தியோ போயிருந்தால் அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. உடல் ஆற்றல் பற்றாக்குறையில் இருப்பதன் தெளிவான அறிகுறி அது. அப்படிப்பட்டவர் மெதுவாக ஏறும் வழியை ஒருபோதும் தெரிவு செய்ய வேண்டாம், உடனே சமநிலைக்கு வருவதோடு மருத்துவரையும் காண வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரும் சிறுநீரக நோய் உள்ளவரும் புரதத்தையோ மொத்த உணவையோ கூட்டுமுன் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும். மாறாக, எலும்பு தெரியுமளவுக்கு மெலிந்துவிட்டவருக்கு 400, 500 கலோரி மிகையும் சில வாரங்களுக்குத் தகும், ஏனெனில் அவருக்குக் கொஞ்சம் கொழுப்பும் தேவையே.

மிகையைத் தொடங்குமுன் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளவுங்கள். எடையும் தூக்கும் பாரமும் ஏற, இடுப்பு மிக மெதுவாக மட்டும் ஏறினால் வழி சரி. பாரம் ஏறாமல் இடுப்பு மட்டும் ஏறினால், உணவைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் பயிற்சித் திட்டத்தையும் உறக்கத்தையும் பாருங்கள். தூண்டுதல் இல்லாத தசைக்கு எவ்வளவு கொடுத்தும் அது வளராது. இடுப்பு மேலே சொன்ன 90 அல்லது 80 சென்ரிமீற்றரை நெருங்கும்போது, மற்ற எண்கள் எவ்வளவு அழகாயிருந்தாலும், மிகையை நீக்கிச் சமநிலை அளவுக்குத் திரும்பி ஒன்றிரண்டு மாதம் அங்கே நின்று பயிற்சி செய்யுங்கள்.